உமிழ்நீரும் அயோடினும்



பரேலிலுள்ள டாட்டா நினைவு மருத்துவமனையை நாடித் தமிழ்நாட்டிலிருந்தும் பலர் வருகின்றனர். அவர்கள் போன்றோர் தங்குவதற்கெனத் தாதரில் காட்கே மகராஜ் பெயரால் ஒரு தர்மசாலை உண்டு. அணுசக்தித் துறையினர் 1963-ஆம் ஆண்டில் நிறுவிய கதிரியக்க மருத்துவ மையமும் பரேலிலேயே இருக்கிறது. தைராய்டுச் சுரப்பியின் புற்றுநோய்க்கும் மிகைச் சுரப்புக்கும் கதிரியக்க அயோடின் மருந்தாக அளிக்கப்பெறுகிறது. அதனை உட்கொண்டு வீடு திரும்பியவரின் தட்டையும் குவளையையும் தொடலாமா என்று வீட்டார் அஞ்சுவது இயல்பே. அவ்வச்சம் எவ்வளவு வேண்டும், எத்தனை நாள் வேண்டும் என்பதை இன்று ஆராய்வோம்.

நாம் உண்ணும் அயோடின் இரைப்பையிலும் சிறுகுடலிலும் உறிஞ்சப்பெற்றுக் குருதியிற் கலக்கிறது. வளர்ந்தவர் ஒருவருக்கு நாளொன்றுக்கு வேண்டியது 150 மைக்ரோகிராம் மட்டுமே. கழுத்திலுள்ள தைராய்டு தனக்கு வேண்டியதை ஈர்த்துக்கொள்ள, எஞ்சியதிற் பெரும்பகுதியைச் சிறுநீரகங்கள் வெளியேற்றுகின்றன. ஆயினும், தைராய்டில் அயோடினை உள்ளே செலுத்தும் அதே புரதம் உமிழ்நீர்ச் சுரப்பிகளிலும் உண்டு. ஆதலின் உமிழ்நீரில் அயோடின், குருதியில் உள்ளதினும் பன்மடங்கு செறிந்திருக்கும். அவ்வுமிழ்நீரை விழுங்குகிறோம், அயோடின் மீண்டும் குடலில் உறிஞ்சப்படுகிறது.

உப்பில் சேர்ந்த அயோடின் எது, மருந்தாக வந்த அயோடின் எது என்று உடல் பிரித்தறியாது. மருந்தும் அதே வழியில் உமிழ்நீரை அடைகிறது. அதனாற் சிலருக்குக் கன்னத்தின் ஓரம் வீங்கும், வாய் உலரும், சுவை மாறும். நீர் மிகுதியாகப் பருகுதல் நன்று. எலுமிச்சை போன்ற புளிப்பை எப்பொழுது தொடங்குவது என்பதை மருத்துவரே கூறவேண்டும்.

வீட்டார் செய்யவேண்டியவை எளியவை. மருத்துவர் குறித்த நாட்கள் வரை நோயாளியின் தட்டும் குவளையும் தனியாக இருக்கட்டும். படுக்கையும் தனியாக இருக்கட்டும். குழந்தைகளையும் கருவுற்ற பெண்களையும் அவர் நெருங்காதிருக்க வேண்டும். தாராவியிலோ மாதுங்காவிலோ ஒற்றை அறையில் வாழ்வோர், தனியறை இல்லை என்பதையும் குழந்தை உண்டு என்பதையும் மருந்துக்கு முன்பே மருத்துவரிடம் சொல்லிவிடுதல் வேண்டும். சொல்ல நாணினால் இன்னலுறுவது குழந்தையே.

இந்த அயோடினின் கதிர்வீச்சு ஏறத்தாழ 8 நாட்களுக்கு ஒருமுறை பாதியாகக் குறையும். சிறுநீரின் வழியே வெளியேறுவதால் உடலில் அது இன்னும் விரைவாகவே குறைகிறது. குறித்த நாட்கள் கடந்தபின் அவரை விலக்கி வைக்கக் காரணமே இல்லை. புற்றுநோய் தொற்றுநோயன்று. அன்று அவரை நம்முடன் ஒரே பந்தியில் அமர்த்தி உண்பிப்போம்.