பிள்ளையின் கைக்கு ஒரு பாவைப்பிள்ளை

(மீளக்குடியமரும் குடும்பங்களுக்கான கூட்டத்தில், துணியால் பாவைப்பிள்ளையும் கைப்பாவையும் தைப்பது பற்றி ஆற்றப்பட்ட உரை)



வீட்டுத்திட்டம், கிணறு துப்புரவாக்கல், காணி உறுதி, பிறப்புச் சான்றிதழ் என்று நீங்கள் அலைந்து திரிகிற நேரம் இது. இன்று நாங்கள் கதைக்கப் போவது ஊசி, நூல், பழந்துணி பற்றி. "கூரையே இன்னும் போட்டு முடியவில்லை, அதற்குள் பொம்மையா?" என்று உங்களில் சிலர் நினைக்கலாம். நியாயமான கேள்விதான். அதற்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன்.

ஊருக்குத் திரும்பியதும் பெரியவர்களுக்கு வேலை தலைக்கு மேல் இருக்கிறது. பற்றை வெட்ட வேண்டும், வேலி அடைக்க வேண்டும், கூலி வேலைக்குப் போக வேண்டும். பிள்ளைக்கு அப்படி இல்லை. விளையாட ஒன்றும் இல்லாத பிள்ளை நிலத்தில் கிடப்பதை எடுத்து விளையாடும். சிரட்டையை, பனங்கொட்டையை, போத்தல் மூடியை எடுக்கிற அதே கை, மினுங்குகிற இரும்புத் துண்டையும் எடுக்கும். போர் நடந்த மண்ணில் அந்த இரும்புத் துண்டு என்னவாக இருக்கலாம் என்பது உங்களுக்குத் தெரியும்.

பாவைப்பிள்ளை ஒன்று வெடிபொருளைத் தடுத்துவிடும் என்று நான் சொல்லவில்லை. ஆனால் அது பிள்ளையை உங்கள் கண்ணுக்கு முன்னால், முற்றத்தில், சற்று நேரமாவது இருத்திவைக்கும். நீங்கள் சொல்ல வேண்டிய எச்சரிக்கையைப் பிள்ளை விரும்பிக் கேட்கிற மாதிரிச் சொல்ல உதவும். பிள்ளை வாய்விட்டுச் சொல்லாததைச் சொல்வதற்கும் ஒரு வழியைத் திறக்கும்.

விளையாட்டு பிள்ளையின் உரிமை என்று சிறுவர் உரிமைகள் பற்றிய ஐக்கிய நாடுகள் சமவாயத்தின் 31ஆம் உறுப்புரை சொல்கிறது. இலங்கை அதை 1991இல் ஏற்றுக்கொண்டது. 1996இல் மட்டக்களப்பில் வண்ணத்துப்பூச்சிப் பூங்கா தொடங்கப்பட்டபோதும் இதே எண்ணம்தான் இருந்தது. போரைக் கண்ட தமிழ், முஸ்லிம் பிள்ளைகள் அங்கே சேர்ந்து மண் பிசைந்தார்கள், படம் வரைந்தார்கள், கதை சொன்னார்கள். அப்படி ஒரு பூங்கா எல்லா ஊரிலும் இல்லை. ஊசியும் நூலும் பழைய உடுப்பும் அநேகமாக எல்லா வீட்டிலும் உண்டு.

துணியும் பஞ்சும்

பழைய பருத்தித் துணி நல்லது. கிழிந்த சாரம், நைந்த சீலை, தலையணை உறை, சிறிதாகிப்போன பள்ளிக்கூடச் சட்டை எல்லாம் சரி. மிகவும் நைந்துபோன துணி தையலில் பிரிந்துவிடும். இரண்டு கையாலும் இழுத்துப் பாருங்கள். கிழியாவிட்டால் தைக்கலாம். துணியைக் கொதிநீரில் ஊறவைத்துச் சவர்க்காரம் போட்டுத் தோய்த்து, நல்ல வெயிலில் காயவைத்த பிறகே வெட்டுங்கள்.

ஒரு விடயத்தை மறக்க வேண்டாம். வீட்டில் இறந்துபோனவருடைய, அல்லது இன்னும் தேடிக்கொண்டிருக்கிற ஒருவருடைய உடுப்பு இருந்தால், கேட்காமல் அதில் கத்தரிக்கோல் வைக்காதீர்கள். சில பிள்ளைகள் அப்பாவின் சாரத்தில் தைத்த பாவைப்பிள்ளையைக் கட்டிப்பிடித்துக்கொண்டு தூங்குவார்கள். சில பிள்ளைகளுக்கு அந்தச் சாரம் வெட்டுப்படுவதைப் பார்க்கவே தாங்காது. அம்மம்மாவுக்கும் அப்படி இருக்கலாம். முதலில் கேளுங்கள். வேண்டாம் என்றால் வேறு துணி எடுங்கள்.

உள்ளே அடைக்க இலவம்பஞ்சு கிடைத்தால் நல்லது. கிடைக்காவிட்டால், வெட்டி மிஞ்சிய துணியை விரல் நகமளவுக்குச் சின்னச் சின்னதாக வெட்டி அடையுங்கள். அரிசி, பயறு, உமி வேண்டாம். பூச்சியும் எலியும் வரும். பொலித்தீன் பையும் வேண்டாம். தையல் பிரிந்தால் பிள்ளையின் வாய்க்கும் மூக்குக்கும் போய்விடும்.

இடிந்த வீடுகளுக்குள்ளும் ஆளில்லாத வளவுகளிலும் கிடக்கிற மெத்தை, தலையணையைப் பஞ்சுக்காக எடுக்கவே வேண்டாம். அவற்றுக்குள்ளும் கீழேயும் என்ன கிடக்கிறது என்று தெரியாது. பிள்ளைகளை அங்கே துணி பொறுக்கவும் அனுப்பாதீர்கள்.

பாவைப்பிள்ளை தைக்கும் முறை

10 அங்குல அகலம், 12 அங்குல உயரமான இரண்டு துணித் துண்டுகளை எடுங்கள். நல்ல பக்கம் இரண்டும் உள்ளே ஒன்றையொன்று பார்க்கும்படி வையுங்கள். மேலே ஒரு கரித்துண்டால் தலை, கை, கால் விரிந்த உருவம் ஒன்றை வரையுங்கள். கழுத்தை 2 அங்குலத்துக்குக் குறையாமல் அகலமாக விடுங்கள். கழுத்து ஒடுங்கினால் பஞ்சு நிற்காது, தலை சாய்ந்துவிடும். கையும் காலும் உங்கள் இரண்டு விரல் போகிற அளவுக்காவது இருக்கட்டும்.

கோட்டின் மேலேயே தையுங்கள். மெசின் இல்லாதவர்கள் கையால் தைக்கலாம்: ஊசியை முன்னே ஒரு எட்டு எடுத்து, பின்னே அரை எட்டு வந்து குத்தி, மறுபடி முன்னே போங்கள். இப்படித் தைத்தால் ஒரு இடத்தில் நூல் அறுந்தாலும் முழுவதும் பிரியாது. இடுப்புப் பக்கத்தில் 2 அங்குலம் தைக்காமல் விடுங்கள். தையலுக்கு வெளியே கால் அங்குலம் விட்டுத் துணியை வெட்டுங்கள். கழுத்திலும் கமக்கட்டிலும், தையலில் படாமல், சின்னதாக இரண்டு மூன்று வெட்டுப் போடுங்கள். அப்படிச் செய்தால்தான் புரட்டும்போது சுருக்கம் விழாது.

திறந்த வழியால் புரட்டி, கரண்டிக் காம்பால் கை கால்களைத் தள்ளி எடுங்கள். பஞ்சைச் சிட்டிகை சிட்டிகையாக அடையுங்கள். முதலில் தலை, பிறகு கழுத்து, பிறகு கை கால், கடைசியாக வயிறு. கழுத்தில் இறுக்கமாக அடையுங்கள். பிறகு வாயை நெருக்கித் தைத்து மூடுங்கள்.

முகத்துக்குக் கண்ணும் வாயும் நூலால் தைத்தால் போதும். வாயை நேரான சின்னக் கோடாக விடுங்கள். பெரிய சிரிப்பை நாங்கள் தைத்துவிட்டால் அந்தப் பாவைப்பிள்ளையால் அழ முடியாது. நேரான வாய் என்றால், இன்றைக்கு அது சிரிக்கிறதா அழுகிறதா என்பதைப் பிள்ளை தானே முடிவு செய்யும்.

தலைமயிருக்குக் கறுப்பு நூலை வளையம் வளையமாக வைத்து, ஒவ்வொன்றையும் இறுக்கித் தையுங்கள். 3 வயதுக்கு உட்பட்ட பிள்ளைக்குத் தெறி, மணி, பாசி எதுவும் வைக்க வேண்டாம். கழன்றால் விழுங்கிவிடும். கழுத்தைச் சுற்றக்கூடிய நீளமான நாடாவும் வேண்டாம். ஒரு வயதாகாத குழந்தையின் ஏணைக்குள்ளோ படுக்கையிலோ எந்தப் பொம்மையையும் போட்டு வைக்காதீர்கள், மூச்சை அடைக்கக்கூடும். தைத்து முடிந்ததும் கை, கால், தலைமயிரை நீங்களே பலமாக இழுத்துப் பாருங்கள். தைக்கத் தொடங்குமுன் ஊசியை எண்ணி வைத்து, முடிந்த பிறகும் எண்ணுங்கள்.

ஆண்பிள்ளைகளை விட்டுவிடாதீர்கள். பாவைப்பிள்ளை வேண்டாம் என்கிற பையனுக்கு மாடு, யானை, ஆமை தைத்துக் கொடுங்கள். 10 வயதுப் பிள்ளைக்கு ஊசியைப் பக்கத்தில் இருந்து பழக்கினால், தம்பி தங்கைக்குத் தானே தைத்துக் கொடுக்கும். அந்தப் பிள்ளைக்கும் அது ஆறுதல்.

கைப்பாவை

அம்பலாங்கொடையின் நூலில் ஆடும் மரப்பாவைகளைப் பற்றி நீங்கள் கேள்விப்பட்டிருக்கலாம். அதைச் செதுக்கவும் ஆட்டவும் பல வருடப் பழக்கம் வேண்டும். நாங்கள் செய்வது கையை உள்ளே விட்டு ஆட்டுகிற பாவை. அரை நாளில் முடிந்துவிடும்.

மிகச் சுலபமானது காலுறைப் பாவை. பள்ளிக்கூடத்துக்குப் போட்டுக் கிழிந்த வெள்ளைக் காலுறையில் கையை விடுங்கள். நான்கு விரலும் நுனிப் பக்கம், பெருவிரல் குதிப் பக்கம். நடுவில் துணியை உள்ளே மடக்கினால் அதுதான் வாய். அந்த மடிப்பில் ஒரு சிவப்புத் துணியைத் தையுங்கள். மேலே இரண்டு கண். முடிந்தது.

மற்றது துணிப் பாவை. ஒரு தாளில் உங்கள் கையை வைத்து, சுட்டுவிரலை நேராகவும் பெருவிரலையும் நடுவிரலையும் பக்கத்துக்கு ஒன்றாகவும் விரித்து, சுற்றி வரையுங்கள். கோட்டுக்கு வெளியே 1 அங்குலம் கூட்டி வெட்டினால் அதுவே அளவுத் தாள். சுட்டுவிரல் தலைக்குள் போகும், மற்ற இரண்டும் கைகளுக்குள் போகும். மணிக்கட்டுக்குக் கீழே 4 அங்குலம் நீளம் விடுங்கள். பிள்ளைக்கென்றால் பிள்ளையின் கையை வைத்தே வரையுங்கள். இரண்டு கதிரைக்கு நடுவே ஒரு சீலையைக் கட்டினால் மேடையும் தயார்.

பாவையை வைத்து என்ன சொல்லலாம்?

விறகு பொறுக்கப் போகிற ஆமையார் ஒருவரை வைத்துக்கொள்ளுங்கள். வழியில் ஒரு மினுங்குகிற சாமானைக் காண்கிறார். "ஆகா, நல்ல வடிவாய் இருக்கிறதே, எடுக்கட்டோ?" என்று பிள்ளைகளிடம் கேட்கிறார். பிள்ளைகள் கத்துவார்கள்: "எடுக்காதே!" "அப்ப கல்லால் எறிந்து பார்க்கட்டோ?" "எறியாதே!" "பிறகு என்னதான் செய்ய?" இந்த இடத்தில் பிள்ளைகள் ஆமையாருக்குப் பாடம் எடுக்கத் தொடங்குவார்கள். அவர்கள் வாயிலிருந்து வரவேண்டியது இவ்வளவுதான்:

தொடாதே. கல் எறியாதே. வந்த பாதையாலேயே திரும்பு. பெரியவர்களிடம் சொல்லு.

மண்டையோடு போட்ட சிவப்புப் பலகை எதற்கு என்பதையும் ஆமையார் கேட்கட்டும். மிதிவெடி உள்ள இடத்துக்குள் வந்துவிட்டோம் என்று தெரிந்தால் ஒரு அடியும் வைக்காமல், நின்ற இடத்திலேயே நின்று உதவிக்குக் கத்த வேண்டும் என்பதையும் பழக்குங்கள். பிள்ளை வந்து சொன்னால், ஏசாமல் கேட்டு, உடனே கிராம அலுவலருக்கோ பொலிசுக்கோ மிதிவெடி அகற்றுகிறவர்களுக்கோ அறிவியுங்கள். ஏச்சு விழும் என்று பயந்த பிள்ளை அடுத்த முறை சொல்லாது.

கதையில் ஆமையார் வெடித்துச் சாக வேண்டாம். சத்தத்தையும் இரத்தத்தையும் பார்த்த பிள்ளைகளுக்கு அது இன்னொரு பயம். ஆமையார் ஒவ்வொரு முறையும் பத்திரமாக வீட்டுக்கு வந்து சேரட்டும்.

பிள்ளை விளையாடும்போது

உங்கள் பிள்ளை பாவைப்பிள்ளைக்குக் காணாமற்போன அண்ணாவின் பெயரை வைக்கலாம். அதைப் பங்கருக்குள் ஒளித்து வைக்கலாம். மண்ணுக்குள் புதைத்துப் பூப் போடலாம். பார்க்கிற உங்களுக்கு வயிற்றைப் பிசையும். அப்படி விளையாடாதே என்று பறிக்காதீர்கள். தான் கண்டதைப் பிள்ளை தனக்குத் தெரிந்த வழியில் சொல்கிறது. பக்கத்தில் இருங்கள். "பாவைப்பிள்ளைக்குப் பயமா? ஆர் அதைத் தூக்கி வைத்திருக்கப் போகினம்?" என்று கேட்கலாம். பதில் வராவிட்டால் விட்டுவிடுங்கள். துருவித் துருவிக் கேட்க வேண்டாம்.

பெரும்பாலான பிள்ளைகள், நேரத்துக்குச் சாப்பாடும் பள்ளிக்கூடமும் பக்கத்தில் ஒரு அன்பான பெரியவரும் இருந்தால், மெல்ல மெல்லத் தேறிவிடுவார்கள். ஆனால் ஒரே விளையாட்டு வாரக்கணக்காக மாறாமல் தொடர்ந்தால், அதோடு தூக்கமின்மை, கத்தி எழும்புதல், நிறுத்தியிருந்த பிள்ளை மறுபடி படுக்கையில் சிறுநீர் கழித்தல், பேச்சு நின்றுபோதல் இருந்தால், தாமதிக்க வேண்டாம். உங்கள் பகுதிக் குடும்ப நல உத்தியோகத்தரிடம் சொல்லுங்கள். மாவட்ட வைத்தியசாலையின் மனநலப் பிரிவுக்கு அவர் வழிகாட்டுவார். யாராவது பிள்ளையைத் துன்புறுத்துகிறார்கள் என்று பிள்ளையின் விளையாட்டில் தெரிந்தால், பிரதேச செயலகத்தின் சிறுவர் உரிமை மேம்பாட்டு உத்தியோகத்தரிடம் போகலாம், அல்லது 1929 என்ற சிறுவர் உதவி இலக்கத்துக்குப் பேசலாம்.

இதை விற்கலாமா என்று கேட்பீர்கள். தையல் உறுதியாகவும் பஞ்சு சுத்தமாகவும் இருந்தால் விற்கலாம். முதலில் உங்கள் பிள்ளைக்கு ஒன்று, பிறகு ஊர் முன்பள்ளிக்கு நான்கைந்து. கை பழகிய பிறகு சந்தையைப் பற்றி யோசிப்போம்.

இன்று வீட்டுக்குப் போனதும் பிள்ளையைக் கூப்பிட்டு இருத்தி, எந்தத் துணியில் தைக்க வேண்டும், என்ன பெயர் வைக்க வேண்டும் என்று கேளுங்கள். நீண்ட காலமாக எங்கே போவது, எப்போது வருவது என்று எதையுமே தீர்மானிக்க முடியாமல் இருந்த பிள்ளைக்கு, அந்த ஒரு கேள்வி பெரிய காரியம். பின்னேரம் வேலை முடிந்து விளக்கு வைக்கிற நேரத்தில் அரை மணித்தியாலம் ஒதுக்கினால், சில நாட்களில் தைத்து முடித்துவிடலாம்.