முதுமையில் மறைந்து வரும் நோய்கள்
(சங்க ஆண்டு விழாவில் நிகழ்த்திய உரை)



அலுவல் காரணமாக ஊரை விட்டுத் தில்லியில் குடியேறியவர்கள் நாம். பெற்றோரில் ஒருவர் மறைந்தபின், மற்றவரை ஊரில் தனியே விட மனமின்றி நம்மோடு அழைத்து வந்து வைத்துக்கொள்கிறோம். காவிரிக் கரையின் வெயிலிலே பழகிய உடல், 70 வயதுக்கு மேல் இவ்வூர் மார்கழிக் குளிரை முதன்முறையாகக் காண்கிறது. அவர்களுக்கு வரும் தொற்று நோய்களை வீட்டில் உள்ளோர் எவ்வாறு கண்டுகொள்வது என்பது பற்றி இன்று சில கூற விழைகின்றோம்.

இளையோர்க்கு நோய் வந்தால் உடல் பறை சாற்றி அறிவிக்கும். காய்ச்சல் ஏறும், நடுக்கம் காணும். முதியோர் உடல் அவ்வாறு அறிவிப்பதில்லை. வயது ஏற ஏற உடலின் இயல்பான வெப்பமே சற்றுக் குறைகிறது. கடுமையான தொற்று உற்றபோதும் பலருக்குக் காய்ச்சல் தெரிவதில்லை. மூட்டு வலிக்காக நாள்தோறும் பாரசிட்டமால் உண்போருக்கு, இருக்கும் காய்ச்சலும் மறைந்துவிடும். எனவே, நெற்றி சுடவில்லை என்று அமைதி கொள்ளுதல் தகாது. இயல்பாக 97 டிகிரி உள்ளவருக்கு 99 டிகிரியே காய்ச்சலாகலாம்.

அப்படியாயின் அறிகுறி யாது? மாற்றமே அறிகுறி. நேற்று வரை தாமே நடந்தவர் இன்று எழ மாட்டாமல் கிடப்பார், காரணமின்றி விழுவார், உணவை வெறுப்பார், பகலெல்லாம் உறங்குவார், பேச்சுத் தடுமாறுவார். 'வயதாகிவிட்டது' என்னும் ஒரு சொல்லால் இவற்றையெல்லாம் நாம் மூடிவிடுகிறோம். முதுமை ஓர் இரவில் வருவதன்று. மறதி நோய் மாதக் கணக்கில் வளர்வது. ஓரிரு நாளில் தோன்றும் மனக்குழப்பமோ உடலுள் நோய் புகுந்ததைக் காட்டுவதாகலாம்.

பெரிதும் காணப்படுபவற்றுள் முதலாவது நிமோனியா. இருமலும் சளியும் இன்றியே இது வரக்கூடும். முதியவர் அமைதியாக இருக்கையில், ஒரு நிமிடம் முழுவதும் மூச்சை எண்ணுதல் வேண்டும். 25க்கு மேற்பட்டால் அன்றே மருத்துவரிடம் காட்டுதல் நலம். 2020, 2021ஆம் ஆண்டுகளின் கொரோனாக் காலத்தில் வாங்கிய ஆக்சிமீட்டர் பல வீடுகளில் உறங்குகிறது. அதை எடுத்து வைத்துப் பார்க்கலாம். 94க்குக் குறைதல் நன்றன்று.

இரண்டாவது சிறுநீர்த் தொற்று. எரிச்சல், அடிக்கடி போதல், அடிவயிற்று வலி ஆகியவை இதன் அடையாளங்கள். ஆனால், நோயற்ற முதியோர் பலரின் சிறுநீரிலும் கிருமி காணப்படும். ஆகவே, சோதனைத் தாள் ஒன்றை மட்டும் நம்பிக் கடையில் ஆன்டிபயாட்டிக் வாங்கிக் கொடுத்தல் தவறு. குழப்பத்தின் உண்மைக் காரணம் அதனால் மறைந்து போகலாம்.

மூன்றாவது தோலில் வருபவை. நீரிழிவு உடையோர்க்குக் காலில் உணர்ச்சி குன்றுவதால் புண் வலிப்பதில்லை. குளிர்காலத்தில் அது காலுறைக்குள் மறைந்திருக்கும். நாள்தோறும் உள்ளங்காலையும் விரலிடுக்கையும் பார்த்தல் வேண்டும். உடலின் ஒரு பக்கம் மட்டும் எரிந்து கொப்புளம் எழுந்தால், அது அக்கி. ஊரில் குயவரிடம் சென்று காவியால் அக்கி எழுதுவது வழக்கம். ஆனால், 72 மணி நேரத்துக்குள் மருந்தைத் தொடங்கினால்தான் பயன் மிகுதி. கண்ணருகே தோன்றினால் ஒரு நாளும் தாழ்த்தலாகாது.

நான்காவது காசநோய். இளமையில் உடலிற் புகுந்து உறங்கிய கிருமி முதுமையில் விழித்தெழும். இரண்டு வாரத்துக்கு மேல் இருமலோ, காரணமறியாத உடல் மெலிவோ இருந்தால் சோதித்தல் வேண்டும். அரசு நிலையங்களில் சோதனையும் மருந்தும் இலவசம்.

இவையெல்லாம் எவ்வூரார்க்கும் பொது. நமக்கென்றே ஓர் இடர் உண்டு. நம் அன்னையார் இந்தி அறியார். மருத்துவர் இந்தியில் வினவுகிறார், அன்னையார் விழிக்கிறார். மொழி தெரியாமையால் பேசவில்லை என்று மருத்துவர் எண்ணுவது இயல்பே. அவர் தமிழிலேயே தடுமாறுகிறார் என்பதை நாமன்றி யார் அறிவார்? 'அம்மா வழக்கமாக இப்படி இல்லை. நேற்று மாலை முதல் பேச்சு மாறிவிட்டது' என்று நாம்தாம் எடுத்துரைத்தல் வேண்டும். உண்ணும் மருந்துகளின் பட்டியலையும் கையில் கொண்டு செல்லுதல் வேண்டும்.

ஆனால், மாற்றத்தை அறிய வழக்கம் தெரிந்திருத்தல் வேண்டுமன்றோ? காலையில் அலுவலகம் சென்று இரவில் திரும்புகிறோம். தமிழ் அறியாத பணிப்பெண்ணோடு முதியவர் பகலெல்லாம் வாய் திறவாது இருக்கிறார். நாள்தோறும் பத்து நிமிடம் அருகமர்ந்து அவரோடு பேசுவதினும் சிறந்த சோதனைக் கருவி வேறில்லை. காலனியில் பகலில் வீட்டிலிருப்போர், அடுத்த வீட்டுப் பெரியவரையும் ஒருமுறை எட்டிப் பார்த்து நலம் உசாவினால், அது சங்கம் செய்யும் பெரும் பணியாகும்.

திடீர்க் குழப்பத்தோடு மூச்சு விரைதலோ, கைகால் சில்லிடுதலோ, சிறுநீர் மிகக் குறைதலோ சேர்ந்தால், விடியட்டும் என்று காத்திராமல் உடனே மருத்துவமனைக்குக் கொண்டு செல்லுதல் வேண்டும். குளிர்காலம் வருமுன்பே இன்புளுயன்சா, நிமோனியாத் தடுப்பூசிகள் பற்றி மருத்துவரைக் கேட்டல் நலம்.

நோயுற்றவர், மருத்துவர், மருந்து, அருகிருந்து பேணுபவர் என மருத்துவத்துக்கு நான்கு உறுப்புகள் உண்டு என்று 'மருந்து' என்னும் 95ஆம் அதிகாரத்தில் வள்ளுவர் வகுத்துள்ளார். முதல் மூன்றும் எந்நகரிலும் கிடைக்கும். நான்காவது உறுப்பு நாமே. அக்கடமையை மறவாதிருப்போமாக.