அளவுகோலை விற்பவன் முதலில் அதை அளக்க வேண்டும்

(‘சிறுதொழிலுக்கு ஏற்றது வாங்கி விற்பதா? செய்து விற்பதா?’ என்ற தலைப்பில் நடந்த தொலைக்காட்சிக் கருத்தரங்கில், ‘செய்து விற்பதே’ என்ற அணியில் கிள்ளானைச் சேர்ந்த தொலைக்காட்சி பழுதுபார்ப்பாளர் ஒருவர் ஆற்றிய உரை.)



எனக்கு முன் பேசிய எதிரணி நண்பர் அழகாகக் கேட்டார். “எல்லாப் பொருளும் இன்று வெளிநாட்டிலிருந்து மலிவாக வருகிறது. பெட்டியைப் பிரித்தோமா, விலை போட்டோமா, விற்றோமா என்று போகாமல், ஏன் சால்டர் கம்பியைப் பிடித்துக் கொண்டு விடிய விடிய உட்கார வேண்டும்?” என்றார். கைதட்டலும் வாங்கினார். நான் ஒரு பொருளைச் செய்தேன், விற்றேன், அதில் பெரிய தவறும் செய்தேன். அந்தத் தவற்றைச் சொன்னாலே அவர் கேள்விக்குப் பதில் கிடைத்துவிடும் என்று நினைக்கிறேன்.

டிவியில் ஏது தாமதம்?

கிள்ளானில் டிவி பழுது பார்ப்பது என் தொழில். பழைய பெட்டி டிவி காலத்தில் ‘படம் வரவில்லை’, ‘சத்தம் வரவில்லை’ என்று வருவார்கள். இப்போது வேறு ஒரு புகார் வருகிறது. “அண்ணே, பையன் பொத்தானை அமுக்குறான், டிவியில ஆள் கொஞ்சம் கழிச்சுத்தான் குதிக்கிறான். டிவி கெட்டுப் போச்சா?” என்று கேட்கிறார்கள்.

டிவி கெடவில்லை. பெட்டி டிவி, வந்த சமிக்ஞையை வந்த வேகத்திலேயே திரையில் வரைந்துவிடும். இன்றைய தட்டை டிவி அப்படிச் செய்வதில்லை. வந்த படத்தை நினைவகத்தில் வாங்கி வைக்கும். திரைக்கு ஏற்றபடி பெரிதாக்கும், நிறத்தைத் திருத்தும், அசைவை வழவழப்பாக்கும். பிறகுதான் காட்டும். இதைத்தான் உள்ளீட்டுத் தாமதம் என்கிறோம். நாடகம் பார்ப்பவருக்கு இது தெரியவே தெரியாது. விளையாடுகிறவனுக்குத் தெரியும்.

கணக்காகச் சொல்கிறேன். திரையில் ஒரு வினாடிக்கு 60 படம் ஓடினால், ஒரு படத்துக்கு ஏறக்குறைய 16.7 மில்லி வினாடி. சண்டை விளையாட்டுகளில் 3, 4 படங்களுக்குள் வந்து விழும் அடிகள் உண்டு. டிவி 50 மில்லி வினாடி தாமதித்தால் 3 படம் போய்விட்டது. அடி வருவதை நீங்கள் பார்க்கும்போது, அது ஏற்கெனவே விழுந்திருக்கும். வெறும் பொழுதுபோக்குத்தானே என்று எண்ணாதீர்கள். 2019-இல் பிலிப்பைன்ஸ் சீ விளையாட்டுப் போட்டியில் மின்விளையாட்டுக்குப் பதக்கமே கொடுத்தார்கள்.

சரி, வாங்கும்போதே தாமதம் குறைந்த டிவியாகப் பார்த்து வாங்கலாமே என்பீர்கள். பெட்டியின் மேல் ‘1 மில்லி வினாடி’ என்று பெரிதாக அச்சிட்டிருப்பார்கள். அது திரையின் புள்ளி ஒரு நிறத்திலிருந்து இன்னொரு நிறத்துக்கு மாறும் நேரம். உள்ளீட்டுத் தாமதம் வேறு. இந்த இரண்டையும் ஒன்றென்று நம்பிப் பணம் கொடுத்தவர்கள் ஏராளம்.

ஜாலான் பசாரில் வாங்கிய சாமான்

தாமதத்தை அளக்கக் கருவி உண்டு. இங்கிலாந்தில் லியோ பாட்னர் என்ற சிறு நிறுவனம் கையடக்கமாக ஒன்றைச் செய்து விற்கிறது. டிவியில் அதைச் செருகினால் திரையின் மேலே, நடுவே, கீழே வெள்ளைப் பட்டைகள் மின்னும். பட்டையின் மேல் கருவியை வைத்தால் அளவைக் காட்டும். ‘டைம் ஸ்லூத்’ என்று இன்னொரு கருவிக்கு அதன் வரைபடத்தையே எல்லாருக்கும் திறந்து விட்டிருக்கிறார்கள். இப்படிச் சிறிய இடத்தில் செய்து விற்றவர்கள் இருக்கும்போது நாமும் செய்யலாமே என்று எனக்கு ஆசை வந்தது.

2021-இல் ராஸ்பெர்ரி பை பிக்கோ என்ற சின்னப் பலகை 4 அமெரிக்க டாலருக்கு வந்தது. 8 மின்தடைகளும் ஒரு எச்.டி.எம்.ஐ. துளையும் சேர்த்தால் அது டிவிக்குப் படமே அனுப்பும். அடுத்த ஆண்டு கோலாலம்பூர் ஜாலான் பசாருக்குப் போய் மற்ற சாமான்களை வாங்கி வந்தேன். வேலை இதுதான்: பலகை வெள்ளைப் பட்டையை அனுப்பும் அந்தக் கணத்தில் கடிகாரத்தை ஓட விடும். திரையில் வெளிச்சம் வந்ததை உணரி கண்டதும் கடிகாரத்தை நிறுத்தும். இடைப்பட்ட நேரமே தாமதம்.

வெளிச்சத்தைக் காண நான் போட்டது எல்.டி.ஆர். என்னும் உணரி. தெருவிளக்கு இருட்டில் தானாக எரிகிறதே, அதில் இருக்கும் சாமான். சில காசுதான் விலை. மொத்தச் செலவு 60 வெள்ளிக்குள் அடங்கியது. 150 வெள்ளி விலை வைத்தேன். ஒருவர் சொல்லி ஒருவராக 14 கருவிகள் விற்றன. வீட்டில் எல்லாருக்கும் பெருமை.

“புது டிவியும் இதே கணக்குத்தான் அண்ணே”

வாங்கியவர்களில் பிரிக்பீல்ட்ஸ் தம்பி ஒருவர் இருந்தார். சண்டை விளையாட்டுப் போட்டிகளுக்குப் போகிறவர். அவருடைய டிவிக்கு என் கருவி 58 என்று காட்டியது. நல்ல டிவி அது. பாதி விலைக்கு விற்றுவிட்டு, கடன் வாங்கிப் புதியது வாங்கினார். இரண்டு வாரம் கழித்து என்னைக் கூப்பிட்டார். “அண்ணே, புது டிவியும் இதே கணக்குத்தான் காட்டுது” என்றார்.

அன்று இரவு சாப்பாடு இறங்கவில்லை. வெவ்வேறு வகையைச் சேர்ந்த இரண்டு டிவிகள் எப்படி ஒரே தாமதம் காட்டும்? முதல் நாளே செய்திருக்க வேண்டிய சோதனையை அப்போதுதான் செய்தேன். டிவியைத் தள்ளி வைத்துவிட்டு, ஒரு எல்.இ.டி. விளக்கை அதே பலகையில் இணைத்து, உணரியை அதன் மேல் வைத்தேன். எல்.இ.டி. உடனே எரியும். ஆகவே கருவி பூஜ்யத்தை ஒட்டித்தான் காட்ட வேண்டும். அது 30-க்கு மேல் காட்டியது!

உணரிதான் மெதுவாகக் கண் விழிக்கிறது. தெருவிளக்குக்கு அந்த வேகம் போதும், மில்லி வினாடியை அளக்கப் போதாது. சரி, 30-ஐக் கழித்துவிட்டால் போகிறது என்றும் தோன்றியது. அதுவும் முடியாது. வெளிச்சம் கூடினால் எல்.டி.ஆர். வேகமாக விழிக்கும், குறைந்தால் இன்னும் மெதுவாக விழிக்கும். டிவிக்கு டிவி கணக்கு மாறும். அந்தத் தம்பி விற்ற டிவி நல்லதா கெட்டதா என்பது இன்றுவரை எனக்குத் தெரியாது. அதில் விளையாட்டு முறையைப் போட்டிருந்தாலே போதுமாக இருந்திருக்கலாம். என் பேச்சை நம்பி அவர் டிவியை இழந்தார்.

மறுநாள் கிள்ளானிலிருந்து கொமுட்டர் ஏறி, கேஎல் சென்ட்ரலில் இறங்கி, அவர் வீட்டுக்கு நடந்தே போனேன். நடந்ததைச் சொன்னேன். அவர் திட்டவில்லை. அதுதான் எனக்கு வலித்தது. அவருக்கு ஏற்பட்ட நட்டத்தில் பாதியை இரண்டு தவணையாகக் கொடுத்தேன். பிறகு வாங்கிய மற்ற 13 பேரையும் தேடினேன். 11 பேர் கிடைத்தார்கள். சிலர் “பரவாயில்லை அண்ணே, சும்மாதான் கிடக்குது” என்றார்கள். சும்மா கிடந்தாலும் நாளை அதைப் பார்த்து இன்னொருவர் டிவியை விற்பார் அல்லவா? பணத்தைக் கொடுத்துத் திரும்ப வாங்கிக் கொண்டேன்.

திருத்தியது எப்படி?

உணரியை மாற்றி ஒளி டையோடு போட்டேன். அது மில்லி வினாடியில் மிகச் சிறு பங்குக்குள் விழித்துக் கொள்ளும். இப்போது எல்.இ.டி. சோதனையில் 0.1-க்கும் கீழே நிற்கிறது. அந்த எல்.இ.டி.யைக் கருவிக்குள்ளேயே பொருத்திவிட்டேன். வாங்குபவர் எப்போது வேண்டுமானாலும் என் கருவியைத் தாமே சோதித்துப் பார்க்கலாம்.

கூடவே ஒரு தாளில் எழுதிக் கொடுக்கிறேன். இந்தக் கருவி 640-க்கு 480 புள்ளி அளவில் மட்டுமே படம் அனுப்பும். பெரிய அளவுப் படத்துக்கு உங்கள் டிவி வேறு தாமதம் காட்டலாம். திரை மேலிருந்து கீழாக வரையப்படுவதால் மேலே ஓர் அளவும் கீழே அதைவிடக் கூடுதலான அளவும் வரும், எந்த இடத்தில் அளந்தீர்கள் என்று குறித்துக் கொள்ளுங்கள். முதலில் விளையாட்டு முறையைப் போட்டும் போடாமலும் அளந்து பாருங்கள், டிவியை விற்பதைப் பிறகு யோசியுங்கள். இவ்வளவையும் அதில் எழுதியிருக்கிறேன். “குறையை நீயே எழுதிக் கொடுத்தால் எவன் வாங்குவான்?” என்று நண்பர்கள் கேட்டார்கள். முன்பைவிட மெதுவாகத்தான் விற்கிறது. ஆனால் விற்கிறது.

சட்டத்தையும் சொல்லிவிடுகிறேன், இளைஞர்களுக்குப் பயன்படும். வீட்டில் செய்து விற்றாலும் அது வியாபாரம்தான். தொடங்கிய 30 நாளுக்குள் நிறுவனங்கள் ஆணையத்தில் பதிந்து கொள்ள வேண்டும். சொந்தப் பெயரில் என்றால் ஆண்டுக்கு 30 வெள்ளி, கடைப் பெயர் வைத்தால் 60 வெள்ளி. வாங்கியவர் ஏமாந்தால் 5 வெள்ளி கட்டிப் பயனீட்டாளர் நடுவர் மன்றத்தில் முறையிடலாம். 50,000 வெள்ளி வரை அங்கே கோரலாம். அந்தத் தம்பி என்னை அங்கே நிறுத்தியிருக்கலாம்.

இப்போது எதிரணி நண்பருக்கு வருகிறேன். “செய்ததால்தானே தவறு வந்தது?” என்று அவர் கேட்பார். உண்மைதான். ஆனால் அதே கருவியை நான் பெட்டியோடு வாங்கி விற்றிருந்தால் என்ன செய்திருப்பேன்? “கம்பெனி சாமான் தம்பி, எனக்குத் தெரியாது” என்று சொல்லியிருப்பேன். உள்ளே இருப்பது எல்.டி.ஆரா, ஒளி டையோடா என்று திறந்துகூடப் பார்த்திருக்க மாட்டேன். செய்தவன் என்பதால் தவறு என் மடியில் வந்து விழுந்தது, செய்தவன் என்பதால்தான் அதைத் திருத்தவும் முடிந்தது.

செங்கல் சூளைகள் இருந்ததால் பிரிக்பீல்ட்ஸ் என்று பெயர் வந்த ஊரில், ஒரு தம்பியின் வீட்டு வாசலில் நான் கற்றுக் கொண்ட பாடம் இது. செங்கல்லின் அச்சு கோணலாக இருந்தால், அதில் அறுத்த கல் எல்லாம் கோணல்தான். அளக்கும் கருவியும் அப்படிப்பட்டது. அது ஒன்று பொய் சொன்னால், அதை நம்பிய அத்தனை பேரும் பொய்க்கு விலை கொடுப்பார்கள். அதனால்தான் வள்ளுவரும் தராசையும் வாணிகத்தையும் நடுவுநிலைமை என்ற ஒரே அதிகாரத்தில் வைத்தார்.

இளைஞர்களே, செய்யுங்கள், விற்கவும் செய்யுங்கள். விற்பதற்கு முன் ஒரு நாள் மட்டும் கூடுதலாக எடுத்துக் கொண்டு, உங்கள் பொருள் சொல்வது உண்மைதானா என்று சோதித்துவிடுங்கள். அந்த ஒரு நாளை நான் மிச்சப்படுத்தப் பார்த்தேன், அதன் விலையை இன்னொருவர் கொடுத்தார்.