அடித்த சொல்லில் பிறந்த விலங்கு



1924ஆம் ஆண்டின் இறுதியில் இரவீந்திரநாத் தாகூர் நோயுற்று அர்ஜென்டினாவில் தங்கியிருந்தார். அப்போது எழுதிய ‘பூரவி’ கவிதைகளின் கையெழுத்துப் படியில், வேண்டாத சொற்களை அவர் வெறுங்கோடிட்டு அடிக்கவில்லை. அடித்தல்களை ஒன்றோடொன்று இணைத்தார். இணைந்த மைத்திட்டுக்கு அலகு முளைத்தது, கண் திறந்தது. எந்தக் காட்டிலும் வாழாத பறவைகளும் விலங்குகளும் வரிகளுக்கிடையே எழுந்தன. சிதறிக் கிடந்த திருத்தங்கள் கண்ணை உறுத்தியதால், அவற்றுக்கும் ஒரு சந்தம் தந்ததாகப் பின்னாளில் அவரே விளக்கினார். அடித்தல் மிகுந்த ஏட்டுக்கு மதிப்பெண் குறைத்த ஆசிரியர்களுள் நானும் ஒருவன். இதைப் படித்தபின் என் சிவப்பு மை சற்றே தயங்குகிறது.

ஜெர்மானிய ஓவியர் பிரான்ஸ் மார்க் சென்ற வழி வேறு. அவர் விலங்குகளின் உடலமைப்பை நெடுநாள் பயின்றார். அதன் பின்னரே குதிரையையும் மானையும் வளைகோடுகளாகச் சுருக்கி மரச்செதுக்கு அச்சில் தந்தார். விலங்கிலிருந்து வடிவத்துக்கு வந்தவர் மார்க். வடிவத்திலிருந்து விலங்குக்குச் சென்றவர் தாகூர். ஆதலின் தாகூரின் படத்தின்முன் நின்று, “இஃது என்ன விலங்கு?” என வினவுவதில் பயனில்லை. கோடு எங்கே தொடங்கி எங்கே திரும்புகிறது என்று பாருங்கள்.

விக்டோரியா ஓகாம்போ அம்மையாரின் முயற்சியால் 1930 மே மாதம் பாரிசில் அவருடைய முதல் ஓவியக் கண்காட்சி நிகழ்ந்தது. அதற்கு மூன்றாண்டுகளுக்கு முன், 1927இல், அவர் மலாயாவுக்கு வந்திருந்தார். இத்திரிங்காப் மலையிலிருந்து இறங்கினால் வரும் ஈப்போவிலும் பேசினார். மக்கள் கவிஞரைத்தான் வரவேற்றனர். அவருடைய ஏடுகளில் அந்த விலங்குகள் அப்போதே இருந்தன.