முணுமுணுக்கும் இதயம்



சில ஆண்டுகளுக்கு முன் ஒரு தந்தையார் தம் 12 வயது மகளை என்னிடம் அழைத்து வந்தார். பள்ளியில் நடந்த உடற்பரிசோதனையில், இதயத்தில் முணுமுணுப்பு இருப்பதாக எழுதிக் கொடுத்திருந்தார்கள். அன்று முதல், ஓடக்கூடாது, மாடிப்படி ஏறக்கூடாது என்று வீட்டார் அவளைத் தடுத்துவிட்டனர். ஓராண்டு முழுவதும் அச்சிறுமி விளையாட்டுத் திடலின் ஓரத்தில் அமர்ந்தே இருந்தாள்.

முணுமுணுப்பு என்பது யாது? 1816ஆம் ஆண்டு பாரிஸ் நகரில் லென்னெக் என்னும் மருத்துவர் காகிதத்தைக் குழலாகச் சுருட்டி, நோயாளியின் மார்பில் வைத்துக் கேட்டார். ஸ்டெதாஸ்கோப் பிறந்த கதை இதுவே. அதன் வழியே நாம் கேட்கும் 'லப்-டப்' என்பது இதய வால்வுகள் மூடும்போது எழும் ஓசை. அவ்வோசைகளுக்கு இடையே, இரத்தம் சுழித்தோடுவதால் எழும் ஒலியே முணுமுணுப்பு. வாய்க்காலின் மதகு பழுதானாலும் நீர் சலசலக்கும். மதகு செம்மையாயிருக்க, வெள்ளம் விரைந்தாலும் சலசலக்கும். ஆகவே முணுமுணுப்பு நோயன்று, ஓர் ஒலியே.

வளரும் பிள்ளைகள் பலரிடம் தீங்கற்ற முணுமுணுப்பு கேட்பதுண்டு. காய்ச்சலிலும் இரத்தசோகையிலும் அது மிகும்.

எனில், எப்போது மேலும் ஆராய வேண்டும்? சிறிது நடந்தாலே மூச்சிரைத்தால், ஓடும்போது மயக்கமோ மார்பு வலியோ வந்தால், உதடு நீலம் பாய்ந்தால், கைக்குழந்தை பால் குடிக்கையில் வியர்த்துக் களைத்தால், காலந்தாழ்த்தலாகாது. இதயம் விரியும் வேளையில் எழும் முணுமுணுப்பையும் மருத்துவர் ஆராயாமல் விடுவதில்லை. தொண்டைப்புண் வந்து இரண்டு மூன்று வாரங்களுக்குப் பின் மூட்டுகள் மாறி மாறி வீங்கினால், அது வால்வுகளைக் கெடுக்கும் கீல்வாதக் காய்ச்சலாக இருக்கலாம். அதனை உரிய காலத்தில் கண்டறிந்து, மூன்று அல்லது நான்கு வாரங்களுக்கு ஒருமுறை பெனிசிலின் ஊசியைத் தவறாது போட்டுவந்தால், அது மீண்டும் தாக்காமல் பெரிதும் காக்கலாம்.

1953இல் ஸ்வீடன் நாட்டில் எட்லர், ஹெர்ட்ஸ் என்னும் இருவர் ஒலியலைகளைக் கொண்டு இதயத்தை ஆராயத் தொடங்கினர். அதன் வழிவந்த 'எக்கோ' பரிசோதனை, வால்வுகள் திறந்து மூடுவதை இன்று வலியின்றித் திரையில் காட்டுகிறது.

நான் சொன்ன சிறுமிக்கும் அப்பரிசோதனை செய்தோம். இதயத்தில் ஒரு குறையும் இல்லை! "இனி ஓடலாமா, டாக்டர்?" என்று கேட்டாள். "ஓடம்மா" என்றேன். ஆனால், அவள் இழந்த ஓராண்டை யார் திருப்பித் தர இயலும்? முதல் வாரத்திலேயே வந்திருந்தால் அவ்விழப்பு நேர்ந்திராது. முணுமுணுப்பு என்றதும் அஞ்சி முடங்குவதும் தவறு. அதனைப் பொருட்படுத்தாது விடுவதும் தவறு. மருத்துவரிடம் கேட்டுத் தெளிவதே நன்று.