ஹைட்ரஜனுக்கு முதல் பந்தி எங்கே?



பூந்தமல்லி தாண்டி பெங்களூரு நெடுஞ்சாலையில் போனால் இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் கார் ஆலை வரும். அந்த நிறுவனம் 2024 ஜனவரியில் நடந்த உலக முதலீட்டாளர் மாநாட்டில், ஐஐடி மெட்ராஸோடு சேர்ந்து ஹைட்ரஜன் ஆராய்ச்சி மையம் அமைக்க 180 கோடி ரூபாய் ஒதுக்குவதாகச் சொன்னது. மையத்துக்கான இடம் தையூர். நல்ல செய்திதான். ஆனால் ஹைட்ரஜன் என்றதும் நம் நினைப்பு காரிலேயே போய் நிற்கிறதே, அதுதான் எனக்கு உறுத்துகிறது.

கணக்கைப் பாருங்கள். தண்ணீரைப் பிரித்து ஒரு கிலோ ஹைட்ரஜன் எடுக்க 50 யூனிட்டுக்கு மேல் மின்சாரம் வேண்டும். அதை அழுத்தி, தொட்டியில் அடைத்து, காருக்குள் மறுபடி மின்சாரமாக்கினால், 100 யூனிட்டில் சக்கரத்துக்குப் போய்ச் சேர்வது 30 சொச்சம். பேட்டரி காரில் 70-க்கும் மேல்.

அதே பெங்களூரு நெடுஞ்சாலையில் இன்னும் கொஞ்சம் போனால் ஸ்ரீபெரும்புதூர். அங்கே செயின்ட்-கோபைன் கண்ணாடி ஆலை இருக்கிறது. ஜன்னல் கண்ணாடி எப்படி அவ்வளவு சமதளமாக வருகிறது தெரியுமா? சுமார் 1,500 டிகிரியில் மணலையும் சோடாவையும் உருக்கி, அந்தக் குழம்பை உருகிய வெள்ளீயத்தின் மேல் ஓட விடுகிறார்கள். எண்ணெய்போல அது மிதந்து பரவும். காற்று பட்டால் வெள்ளீயம் கெட்டுவிடும். அதனால் மேலே நைட்ரஜனும் கொஞ்சம் ஹைட்ரஜனும் நிரம்பியிருக்கும். இப்படிக் கண்ணாடி வார்க்கும் எந்த ஆலைக்கும் ஹைட்ரஜன் புதிய விருந்தாளி அல்ல.

அந்த ஹைட்ரஜன் எங்கிருந்து வருகிறது என்பதுதான் கேள்வி. உலகில் பெரும்பகுதி இயற்கை எரிவாயு, நிலக்கரியிலிருந்துதான் எடுக்கப்படுகிறது. எரிவாயுவிலிருந்து ஒரு கிலோ எடுத்தால் சுமார் 10 கிலோ கரியமில வாயு வெளியேறும். ராஜஸ்தானில் சித்தோர்கர் பக்கம் ஆசாஹி இந்தியா கண்ணாடி ஆலைக்காக, தண்ணீரைப் பிரித்து ஆண்டுக்கு 190 டன் பசுமை ஹைட்ரஜன் தரும் நிலையம் 2024-இல் இயங்கத் தொடங்கியது. ஜெர்மனியில் செயின்ட்-கோபைன் 2023-லேயே ஒரு படி மேலே போய், உலையின் எரிபொருளில் 30 சதவீதத்துக்கு மேல் ஹைட்ரஜன் கலந்து கண்ணாடி வார்த்துப் பார்த்துவிட்டது.

ஆகவே முதல் பந்தி கண்ணாடி உலைகளுக்கும், அவற்றைப் போலவே ஏற்கெனவே ஹைட்ரஜனைப் பயன்படுத்தும் உர ஆலைகளுக்கும் போகட்டும். நேயர்களே, ஹைட்ரஜன் கார் வரட்டும் என்று வண்டி வாங்குவதைத் தள்ளிப்போட்டுக்கொண்டிருந்தால், தயவுசெய்து காத்திருக்காதீர்கள்.