எஞ்சின் விடும் மூச்சு

ஒரு லிட்டர் பெட்ரோல் முற்றும் எரிவதற்கு ஏறத்தாழ 9,000 லிட்டர் காற்று வேண்டும். காற்றோடு புழுதியும் புகுமன்றோ? டர்போ பூட்டிய கார் எஞ்சினில் அப்புழுதியை முதலில் எதிர்கொள்வது, காற்றை அமுக்கி அனுப்பும் சிறு சக்கரம். நிமிடத்திற்கு 1,00,000 சுற்றுக்கு மேல் சுழலக்கூடிய அச்சக்கரத்தின் மெல்லிய இதழ்களை நுண்மணல் அராவிவிடும். அதையும் தாண்டிய துகள் சிலிண்டர்ச் சுவரைத் தேய்க்கும்.

இதைத் தடுக்கும் வடிகட்டிகள் பெரும்பாலும் இருவகை. எண்ணெய் தோய்த்த பருத்தி வலை காற்றைத் தாராளமாக விடும். உறுமலும் கூடும், உறுமலையே வேகமென்று மயங்குவோர் உண்டு! ஆனால் நுண்தூசியும் அதிகம் நுழையும். எண்ணெய் மிகுந்தால், காற்றை அளக்கும் உணர்கருவியில் படிந்து கணக்கைப் பிழைபடுத்தும். மடிப்புக் காகித வடிகட்டியோ நுண்தூசியை நன்கு பிடிக்கும். அதில் படியும் தூசியே மற்றொரு சல்லடையாகிறது; ஆதலால் அடிக்கடி தட்டித் துடைத்தல் வேண்டா, காகிதமும் கிழியக்கூடும். அடைப்பு மிகுந்தபின் புதிது மாற்றுக.

சாலையில் ஓடும் வண்டிக்கு நான் காகிதத்தையே தேர்வேன். எதை வாங்கினாலும், அதன் ரப்பர் விளிம்பு பெட்டியோடு இறுகப் பொருந்துகிறதா என்று விரலால் தடவிப் பாருங்கள். இடைவெளி இருப்பின் புழுதி அவ்வழியே நேராக உள்ளே சென்றுவிடும்.